திருவனந்தபுரம் – துபாய்: போக ரெண்டே முக்கால் மணி, வர அஞ்சரை மணியா?

கல்லிடை ஆச்சி கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 61. ஊரு கல்லிடைக்குறிச்சி. ரயில்ல சென்னை வரைக்கும் போயிருக்கேன், பிளேன்ல இதுவரைக்கும் கால் வச்சதில்ல.

மக துபாயில இருக்கா. மொதப் பேறுகாலத்துக்கு இங்கனதான் வந்தா. இப்ப பெரியவனுக்கு அங்க பள்ளிக்கூடம் நடக்கு, அதனால ரெண்டாவதுக்கு நான் போகணும். மருமகப்பிள்ளை டிக்கெட் போட்டு போனுக்கு அனுப்பிட்டாரு. ஐப்பசியில ஒரு புதன்கிழமை, திருவனந்தபுரத்துல காலம்பற 4.15-க்குக் கெளம்புது, துபாயில 7.00-க்கு இறங்குது. தை மாசம் திரும்பி வரும்போது அங்க ராத்திரி 10.30-க்கு ஏறினா இங்க மறுநா காலைல 4.00 மணி.

நான் விரல விட்டு எண்ணிப் பாத்தேன். போறதுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். வாரதுக்கு அஞ்சரை மணி நேரம். அதே ஆகாசம்தான, அதே தூரம்தான? அடுத்த வீட்டுப் பயகிட்ட கேட்டா, "போறப்ப இறக்கம், வாரப்ப ஏத்தம் ஆச்சி"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கான். சவத்துப்பய. மருமகப்பிள்ளைகிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு, மாமியாளுக்கு மணி பாக்கத் தெரியலன்னு நெனைச்சிருவாரோன்னு.

விளையாட்டுக்குக் கேக்கல. எனக்குச் சக்கரை இருக்கு, காலைலயும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால மாத்திரை. முட்டுவலி வேற. இங்கன இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்தாலே எந்திரிக்கும்போது கம்பியப் பிடிச்சுத்தான் எந்திரிக்கேன். உள்ளபடிக்கு எத்தன மணி நேரம் உக்காரணும்னு தெரிஞ்சாகணும். இன்னொண்ணு, பேரன் போன்ல கேக்கான், "ஆச்சி, நீ எத்தன கிலோமீட்டர் தள்ளி இருக்க?"ன்னு. அதுக்கும் பதில் வேணும்.


தேரா துபை கடையநல்லூரான்:

ஆச்சி, கூச்சமே வேண்டாம். நான் இங்க வந்து 14 வருசமாச்சு, மொத தடவ எனக்கும் இதே குழப்பந்தான்.

துபாய் கடிகாரம் நம்ம கடிகாரத்தவிட ஒன்றரை மணி நேரம் பின்னால ஓடும். டிக்கெட்டுல புறப்படுற நேரம் புறப்படுற ஊரு மணி, இறங்குற நேரம் இறங்குற ஊரு மணி. அங்க காலைல 7.00-ன்னா கல்லிடையில 8.30. அப்ப 4.15-ல இருந்து 8.30, நாலேகால் மணி நேரம். திரும்பி வரும்போது இங்க 10.30-ன்னா உங்க ஊர்ல நடுச்சாமம் 12.00. அதுல இருந்து 4.00 வரைக்கும் நாலு மணி. அவ்வளவுதான்.

கையில கட்டுற வாட்ச்ச இறங்குற வரைக்கும் திருப்பாதீங்க. மாத்திரைக்கு அதுதான் கணக்கு. போன் இறங்கி ஆன் பண்ணினதும் தானா மாறிக்கிடும். மாத்திரையப் பெரிய பெட்டியில போட்டுராம கைப்பையில வைங்க, டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். எந்த நேரத்துக்கு எதப் போடணும்னு போறதுக்கு முன்னால டாக்டர்ட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

கேக்காமலே ஒண்ணு சொல்லுதேன். பேறுகாலத்துக்குப் போறீங்க, பெட்டியில மருந்துச் சாமான் எல்லாம் இருக்கும். கசகசா மட்டும் ஒரு மணி கூட வேண்டாம். நம்ம ஊர்ல அது குருமாவுக்குப் போடுற சாமான், இங்க சட்டத்துல போதைப்பொருள் கணக்கு. மசாலாப் பொடி அரைச்சு எடுத்து வந்தாலும் அதுல கசகசா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. கொப்பரைத் தேங்காயும் வேண்டாம், எண்ணெய்ச் சத்துல தானாச் சூடேறித் தீப்பிடிக்கும்னு ஏத்த விடமாட்டாவ. அல்வா கொண்டு வாங்க, அத யாரும் தடுக்க மாட்டாவ.


கல்லிடை ஆச்சி:

தம்பி, நீ நல்லா இருப்ப. கால் கிலோ கசகசா வாங்கி டப்பாவுல போட்டு, மேல துணியச் சுத்தி, பெட்டியோட அடியில வச்சிருந்தேன். இப்பத்தான் வெளிய எடுத்தேன். கை கால் எல்லாம் நடுங்கிட்டு.

ஆனா ஒண்ணு. போக நாலேகால், வர நாலு. இன்னும் கால் மணி நேரம் இடிக்குதே?


பாளை பூகோள வாத்தியார்:

அம்மா, அந்தக் கால் மணி நேரத்தக் கவனிச்சீங்க பாருங்க, 34 வருசம் பாடம் நடத்தினதுல இப்படி ஒரு கேள்விய விரல் விட்டு எண்ணுற அளவுலதான் கேட்டிருக்கேன்.

முதல்ல அந்த ஒன்றரை மணி நேரம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம். பூமி ஒரு பாகை சுத்துறதுக்கு 4 நிமிஷம். நம்ம நெல்லை கிழக்குத் தீர்க்கரேகை 77.7 பாகையில இருக்கு, துபாய் 55.3. வித்தியாசம் 22.4. நாலால பெருக்கினா 89.6 நிமிஷம். நெல்லையப்பர் கோபுரத்து உச்சிக்குச் சூரியன் வந்த பிறகு அது துபாய் உச்சிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அதே ஒன்றரை மணி ஆகுது. ரெண்டு நாட்டுக் கடிகாரமும் சூரியனும் இவ்வளவு ஒத்துப் போறது எப்பவும் நடக்கிறது இல்ல.

கடிகார வித்தியாசம் தெரியாமலே பயண நேரத்தக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. போறதுக்கு உங்க விரல் கணக்கு 2.45, வாரதுக்கு 5.30. ரெண்டையும் கூட்டினா 8 மணி 15 நிமிஷம். பாதியாக்கினா நாலு மணி ஏழரை நிமிஷம். ஒரு பக்கம் குறைஞ்சது மறுபக்கம் கூடிரும்லா, அதனால கடிகாரம் கழிஞ்சு போயிரும். எந்த ஊரு டிக்கெட்டுக்கும் இது செல்லும்.

மிச்சம் இருக்கிற கால் மணி நேரம் காத்து. விமானம் பறக்கிற 10, 12 கிலோமீட்டர் உயரத்துல, அரபு நாட்டுப் பக்கம், பனிக்காலத்துல மேற்கே இருந்து கிழக்கே பலமான காத்து ஓடும். தை மாசம் நீங்க திரும்பும்போது அது முதுகுல கை வச்சுத் தள்ளிவிடும். போறப்ப அது எதிர்க்காத்து.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு உண்டு. ஆனி ஆடியில முப்பந்தல் பக்கம் போயிருப்பீங்க. கரண்டு எடுக்கிற காத்தாடி எல்லாம் மேற்கே பாத்து நின்னு சுத்தும், மனுசனையே தூக்கிட்டுப் போற மாதிரி கச்சான் அடிக்கும். அதே நாள்ல, அதே இடத்துல, நேர மேல ஏறிப் போனா காத்து நேர் எதிரா இருக்கும், கிழக்கே இருந்து மேற்கே. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல இப்படித்தான். கீழ கச்சான், மேல கொண்டல். அந்த மாசங்கள்ல இங்க இருந்து துபாய்க்குப் போறவனுக்கு நம்ம நாட்டு எல்லை வரைக்குமாவது காத்து துணைக்கு வரும். பையன்களுக்கு இத நடத்தும்போது ஒருத்தன் எந்திரிச்சு, "சார், அப்ப நடுவுல எந்தக் காத்து?"ன்னு கேட்டான். நடுவுல ஓய்ஞ்சு போயித்தான் திரும்பும். அவனுக்கு அன்னைக்கே ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன்.

நாலேகால் மணியும் ஆகாசத்துல இல்ல, அதையும் சொல்லிருதேன். கதவ அடைச்சு, ஊர்ந்து போயி, ஓடுபாதையில வரிசையில நின்னு, அங்க இறங்கி மறுபடி ஊர்ந்து நிக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. பறக்கிறது மூணே முக்காலுக்குப் பக்கம் இருக்கும். இடையில ரெண்டு தடவ எந்திரிச்சு நடங்க.

பேரனுக்கு: திருவனந்தபுரம் – துபாய் நேர் தூரம் சுமாரா 2,940 கிலோமீட்டர். கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் ஶ்ரீநகரும் ஏறக்குறைய அவ்வளவுதான்.


கோவில்பட்டிக்காரன்:

எல்லாரும் திருவனந்தபுரத்துலயே நிக்கீங்க. மதுரையில இருந்து துபாய்க்கு நேர் விமானம் இருக்கு. நாலுவழிச்சாலை, பாஷை தெரிஞ்ச ஊரு, மலையாளத்துல முழிக்க வேண்டியதில்ல. தூரமும் மதுரைதான் கம்மி. படத்த விரிச்சுப் பாருங்க, மதுரை மேல இருக்கு, துபாயும் மேல இருக்கு. இல்லன்னா பக்கத்துல வாகைக்குளத்துல தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கு, அங்க இருந்து சென்னை போயி ஏறுங்க.


பாளை பூகோள வாத்தியார்:

தம்பி, படத்த விரிச்சதுதான் தப்பு. தட்டைப் படம் பொய் சொல்லும். உருண்டைய எடுத்து, துபாய்ல ஒரு நூல் நுனிய வச்சு திருவனந்தபுரம் வரைக்கும் இழுத்துப் பிடிங்க. அந்த நீளம் மாறாம நூல அப்படியே வடக்கே நகத்துங்க. மதுரையத் தொடும். இன்னும் நகத்தினா திருச்சியத் தொடும். இன்னும் போனா சென்னைக்கு வந்து நிக்கும். நாலுக்கும் தூரம் 2,930-க்கும் 2,950-க்கும் நடுவுல. காம்பஸ துபாய்ல குத்தி ஒரு வட்டம் போட்ட மாதிரி நம்ம விமான நிலையங்கள் வரிசையா உக்காந்திருக்கு. துபாய் நமக்கு வடமேற்கு. திருவனந்தபுரத்த விட்டு மதுரைக்குப் போனா வடக்கே கொஞ்சம் கிட்டப் போறீங்க, கிழக்கே அதே அளவு தள்ளிப் போறீங்க.

பள்ளிக்கூட உருண்டையில நூல் வச்சு இத மொதல்ல பாத்தப்ப நானே நம்பல. வீட்டுக்கு வந்து அட்சரேகை தீர்க்கரேகை போட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கணக்குப் பாத்தேன். வீட்டுக்காரி வெளக்க அணைச்சுட்டா.

நம்ம நெல்லை அந்த வட்டத்துக்கு வெளிய ஒரு 50 கிலோமீட்டர் தள்ளி நிக்கு. ஆக ஆகாசத்துல மிச்சம் பிடிக்க ஒண்ணும் இல்ல அம்மா. ரோட்டுலதான் இருக்கு. அத வண்டி ஓட்டுறவங்க சொல்லட்டும்.


கோவில்பட்டிக்காரன்:

சரி சார். நூல் எடுக்கப் போறேன்.


வள்ளியூர் வண்டிக்காரன்:

அக்கா, நான் 22 வருசமா ஏர்போர்ட் சவாரி ஓட்டுதேன். கோவில்பட்டி அண்ணாச்சி சொன்னது கோவில்பட்டிக்குச் சரி. நீங்க கல்லிடையில இருந்து மதுரைக்குப் போனா ரோட்டுல ஒரு நாப்பது கிலோமீட்டர் கூட. வாகைக்குளத்துல இருந்து சென்னை போயி மாறுறது சின்ன வயசுக்காரங்களுக்கு. பெட்டியத் தூக்கிட்டு ஒரு இடத்துல இறங்கி இன்னொரு இடத்துல ஏற உங்க முட்டு ஒத்துக்கிடாது. மருமகன் போட்ட டிக்கெட் நல்ல டிக்கெட்டுதான்.

முதல்ல கிழமையப் பாருங்க. புதன்கிழமை காலைல 4.15-ன்னா நீங்க வீட்ட விட்டு இறங்க வேண்டியது செவ்வாய்க்கிழமை ராத்திரி. சிரிக்காதீங்க. ஒரு குடும்பம், டிக்கெட்டுல 14-ந்தேதி 00.40-ன்னு போட்டிருந்துச்சு. அவிய 14-ந்தேதி ராத்திரி எனக்கு வண்டி சொல்லியிருந்தாவ. ஆரல்வாய்மொழி தாண்டுற வரைக்கும் எனக்கும் உறைக்கல. டிக்கெட்ட வாங்கிப் பாத்தா பிளேன் முந்துன ராத்திரியே போயிட்டு. ரோட்டோரமா வண்டிய நிப்பாட்டினேன், அந்தம்மா அழுத அழுகை இன்னும் காதுல கேக்கு. அதுல இருந்து யாரு வண்டி சொன்னாலும் டிக்கெட்டப் போன்ல அனுப்பச் சொல்லிப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிடுவேன்.

வழி: திருநெல்வேலி சுத்தாதீங்க. சேரன்மாதேவி, களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் வந்து நாலுவழிச்சாலையப் பிடிங்க. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், தோவாளை, நாகர்கோவில். அதுக்கு அங்கிட்டு மார்த்தாண்டம், களியக்காவிளை. பகல்ல மார்த்தாண்டத்துல மாட்டினா பொறுமை போயிரும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல அவ்வளவு இல்ல. எல்லை தாண்டினதும் காரோடு பைபாஸ்ல ஏறினா ஊருக்குள்ள போகாம ஏர்போர்ட் பக்கம் கொண்டுபோய் விட்டுரும். தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை வழி தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனா மலை வளைவு. ஐப்பசி மழையில ராத்திரி அந்தப் பக்கம் நான் போகமாட்டேன்.

150 கிலோமீட்டர், நடுவுல ஒரு டீ, ஒரு தடவ கால் நீட்டி நடக்க, மொத்தம் நாலு மணி வைங்க. யோசிச்சுப் பாத்தா வேடிக்கைதான். 150-க்கும் நாலு மணி நேரம், 2,940-க்கும் நாலு மணி நேரம்.

பின்னால இருந்து எண்ணுங்க. 4.15-க்குப் பிளேன். 3.15-க்கு கவுண்டர் அடைச்சிருவான். மூணு மணி நேரம் முன்னால, 1.15-க்கு அங்க நிக்கணும். அப்ப வீட்டுல இருந்து ஒம்பது மணிக்கு இறங்கணும். சாப்பாட்டயும் மாத்திரையயும் வீட்டுலயே முடிச்சிருங்க. உள்நாட்டு வாசலும் வெளிநாட்டு வாசலும் வேற வேற பக்கம், நடுவுல ஓடுபாதை கெடக்கு. சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது உள்நாடு. உங்களுக்கு சாக்கைப் பக்கம். தப்பான வாசல்ல இறக்கிவிட்ட ஓட்டுநரை நான் பாத்திருக்கேன். வண்டி மஞ்ச போர்டான்னும் பாத்துக்கிடுங்க.

ஐப்பசின்னு சொன்னதால ஒண்ணு. பத்மநாபசாமி கோயில் ஆராட்டு வருசத்துக்கு ரெண்டு தடவ, பங்குனியிலயும் ஐப்பசியிலயும். சாமி ஓடுபாதை மேலதான் எழுந்தருளி சங்குமுகம் கடலுக்குப் போவாரு. அன்னைக்கு சாயங்காலம் ஒரு அஞ்சு மணி நேரம் பிளேன் ஏறாது, இறங்காது. உங்களுது விடியக்காலம், அதனால பயம் இல்ல. ஆனா செவ்வாய்க்கிழமை ஆராட்டா இருந்தா சொல்லுங்க, வேற வழியாச் சுத்தணும். நான் ஒரு தடவ தெரியாமப் போயி மாட்டிக்கிட்டேன். ஏறவேண்டியவரு கோவப்படாம வண்டிய விட்டு இறங்கி, யானையப் பாத்துக் கும்பிட்டுட்டு நின்னாரு. நல்ல மனுசன்.


கல்லிடை ஆச்சி:

வள்ளியூர்த் தம்பி, ஆராட்டு அந்த வாரம் இல்ல, கோயிலுக்கே போன் போட்டுக் கேட்டாச்சு. நீதான் வண்டி ஓட்டணும். டிக்கெட்ட அனுப்புதேன்.


கல்லிடை ஆச்சி:

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இங்க வந்ததுல இருந்து கைக்கு வேலை.

கணக்குச் சொல்லுதேன். எல்லாம் என் கைக்கடிகாரம், நம்ம ஊரு மணி. செவ்வாய் ராத்திரி 8.50-க்கு வீட்டுப் படி இறங்கினேன். வள்ளியூர்ல ஒரு சக்கரை இல்லாத டீ. 12.50-க்கு ஏர்போர்ட். பிளேன் தரையை விட்டது 4.38. துபாய்த் தரையைத் தொட்டது 8.22. வாத்தியார் ஐயா, மூணே முக்காலுக்கு ஒரு நிமிஷம் கம்மி! கடல் தாண்டி ஓமன் மலை தெரிஞ்சது, ஒரு பச்ச இல்ல, வறட்டி காயப்போட்ட மாதிரி கெடக்கு. ரெண்டு தடவ எந்திரிச்சு நடந்தேன். ரெண்டாவது தடவ ஒரு பிள்ளை வந்து, "அம்மா, பெல்ட் போடணும்"னு உக்காரவச்சுட்டா.

இறங்கினதுக்கு அப்புறந்தான் பெரிய கூத்து. நடக்கேன் நடக்கேன், முடியல. அதையும் யாராவது கிலோமீட்டர்ல சொல்லியிருக்கலாம். வரிசையில ஒரு மணி நேரம் நின்னேன். சக்கர நாற்காலி வேணும்னு டிக்கெட் போடும்போதே கேட்டிருக்கலாமாம், மருமகப்பிள்ளை பிறகு சொன்னாரு. முட்டுவலிக்காரங்க கேட்டு வாங்கிக்கிடுங்க. மக வீட்டு வாசல மிதிக்கும்போது 10.15. ஆக மொத்தம் பதிமூணு மணி 25 நிமிஷம்.

லேகியம் வந்து சேந்துட்டு. அல்வாவும் வந்துட்டு. சுங்கத்துல பெட்டியத் திறக்கவே இல்ல, ஆனாலும் கடையநல்லூர்த் தம்பிக்கு ஒரு பொட்டலம் அல்வா எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிடு.

பேரன்கிட்ட ஒரு சின்ன உருண்டை இருக்கு. பூ கட்டுற நூலு என் பையில கெடந்துச்சு, எடுத்து வாத்தியார் சொன்னாப்ல துபாயில நுனிய அவன் விரலால அமுக்கிக்கிட்டான், நான் திருவனந்தபுரம் வரைக்கும் இழுத்தேன். நகத்தினா மதுரை, இன்னும் நகத்தினா சென்னை. சரியா நிக்கு. பெறகு, "கல்லிடைக்குறிச்சி எங்க?"ன்னு கேட்டான். அது அந்த உருண்டையில இல்ல. சரின்னு அவனே பேனாவ எடுத்து ஒரு புள்ளி வச்சான். வச்சது கடலுக்குள்ள விழுந்துட்டு.